கறுப்புப் பெட்டிக்குள் ஒரு விரல்

ஆய்வகத்தில் எலிகளைப் படமெடுக்கும் பெட்டிக்குள் ரோஸ்னிதா கையை நுழைத்துவிட்டு, கதவிடுக்கில் கறுப்புத் துணியை அவசர அவசரமாக அடைத்தாள். கதவு திறந்திருந்தால் கேமரா வேலை செய்யாது. மூடியிருப்பதாக அதை ஏமாற்ற, கதவுச் சட்டத்தில் ஒரு காந்தத்தை ஏற்கெனவே ஒட்டியிருந்தாள்.

"எலி படுக்கிற இடத்துல உனக்கென்னக்கா வேலை?"

பக்கத்து மேசை சுல்ஹெல்மி வாசலில் நின்றான்.

"உள்ள வந்து கதவைச் சாத்து. கத்தாத."

நடந்ததை அவனிடம் சொல்லிவிட்டாள். பதினெட்டு நாளைக்கு முன், எலிக்குப் போட வேண்டிய ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. ஊசிக்குள் மனிதப் புற்றுநோய்ச் செல்கள். எலியின் உடம்பில் எங்கெங்கே பரவுகின்றன என்று தெரிவதற்காக, ஒளி பட்டால் சிவப்பாக மின்னும்படி மாற்றப்பட்டவை. இப்போது விரலில் கடுகளவு முடிச்சு.

"யார்கிட்டயும் சொல்லலையா? பைத்தியமா உனக்கு?"

"திட்டுறத அப்புறம் வச்சுக்க. பட்டனைத் தட்டு."

தட்டினான். திரையில் ஐந்து விரல் நுனியும் நெருப்பாகச் சிவந்தன.

சுல்ஹெல்மி திரையருகே குனிந்தான். "இப்ப என்ன சாப்பிட்டுட்டு வந்த?"

"கேன்டீன்ல... செரி மூக்கா."

"பச்சைப் பலகாரம்! அதுல ஊத்தற பாண்டான் இலைச் சாறு கையில ஒட்டியிருக்கு. இலைப் பச்சை இந்த கேமராவுல சிவப்பாத்தான் தெரியும். போன வருஷம் தீவனத்துல இருந்த புல்லைப் பார்த்துட்டு, எலிக் குடல் பூரா கட்டின்னு அலறினோமே! கையைத் துடைச்சுட்டு வா, தின்னிப் பண்டாரம்."

ஸ்பிரிட் போட்டு, தோல் எரிய எரியத் துடைத்தாள். மறுபடி படம்.

நான்கு விரல்கள் இருட்டில் மறைந்தன. ஆள்காட்டி விரலில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி, அசையாமல்.

சுல்ஹெல்மியின் சிரிப்பு அடங்கியது.

"பயப்படாதக்கா. அடுத்தவங்க செல்லு நம்ம உடம்புல நிலைக்காது. எதிர்ப்பு சக்தி அடிச்சுத் தின்னுடும். நம்ம எலிங்களுக்கு அது இல்ல, அதனாலதான் கட்டி வளருது. நீ என்ன எலியா?"

அவள் சிரிக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து கையை எடுக்கவும் இல்லை.

"சுல்... வேலைக்குச் சேரும்போது மருத்துவப் படிவத்துல ஒண்ணை மறைச்சிட்டேன். தெரிஞ்சா என்னை இந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டாங்க."

"என்னது?"

"என் ஒரு கிட்னி எங்க அண்ணனோடது. உடம்பு அதைத் தள்ளிடாம இருக்க, ஆறு வருஷமா தினம் மாத்திரை போடறேன்."

"என்ன மாத்திரை?"

"எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரை."