லிஃப்ட் மெக்கானிக் காட்டிய ஊர்

கல்யாணமாகி ஆறு வருடம். அதில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தமே நூற்றுப் பத்து நாள் தேறும். அவர் இந்தத் தீவு நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். அவள் ஊரில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். "வேலையை விட்டுட்டு இங்கேயே வந்துடு" என்று ஒரு வருடமாக ஃபோனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாத விடுப்பு போட்டுவிட்டு முந்தின நாள் மாலை வந்து இறங்கியவள், "முதல்ல ஊரைச் சுத்திக் காட்டுங்க. நாளைக்குச் சாயங்காலம் பதில் சொல்றேன்" என்று சொல்லியிருந்தாள்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. காற்றிலிருந்த ஈரம் உடுப்போடு ஒட்டியது. கடலோரப் பாதை, படகுத்துறை, பழைய கடைத்தெரு, உயரமான கட்டடம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தார் மனுஷர். ஆனால் கடலோரப் பாதைக்கு வந்ததும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எதிரிலிருந்த ஓட்டலைக் காட்டினார்.

"இதுல நாலாவது மாடி வந்தா ஒரு குலுக்கு குலுக்கும். எத்தனை தடவை சரி பண்ணாலும் திருந்த மாட்டேங்குது."

"அந்த மஞ்சக் கட்டடம்?"

"அது தங்கம். எட்டு வருஷத்துல ஒரு புகார் கிடையாது."

"சம்பந்தி வீட்டைப் பத்திப் பேசற மாதிரி பேசறீங்க. மனுஷங்க யாராச்சும் தெரியுமா இந்த ஊர்ல?"

அவர் சிரித்து மழுப்பினார்.

காபிக் கடையில் அவர் வாயே திறக்கவில்லை. ஒரு விரலைக் காட்டினார். ஒரு காபி வந்தது. அப்புறம்தான் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து அவசரமாக இன்னொரு விரலையும் நீட்டினார்.

"விடுங்க, பழக்கதோஷம்" என்று அவளே சமாதானம் சொன்னாள்.

பதினோரு மணிக்கு உயரமான கட்டடம். முப்பத்தோராவது மாடியில் சுற்றிலும் கண்ணாடி. தீவு முழுக்கத் தெரியுமாம். "நான் பார்த்துக்கற லிஃப்டு. ஏறு" என்றார், முகமெல்லாம் பெருமையாக. அவள் ஏறினாள். அவர் கையை மட்டும் உள்ளே நீட்டி முப்பத்தொன்றை அழுத்தினார், கையை எடுத்துக்கொண்டார், வெளியிலேயே நின்றார். கதவு மூடியது.

அவள் ஒருத்தியாக மேலே போனாள். பத்து நிமிடம் பார்த்தாள், ஆளைக் காணோம். அவளுடைய ஃபோன் இந்த ஊரில் இன்னும் வேலை செய்யவில்லை. ஒரு லிஃப்டில் அவள் இறங்க, பக்கத்து லிஃப்டில் அவர் ஏற, இப்படியே மூன்று தடவை. நான்காவது தடவை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஆள் அசையாமல் இருந்தால் மற்ற ஆள் வந்துதானே ஆகவேண்டும். கீழே அவரும் அதையே யோசித்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக்கு அப்பால் நாலு பக்கமும் தண்ணீர். ஒரு குடும்பம் சைகை காட்டித் தங்களைப் படமெடுத்துத் தரச் சொன்னது, எடுத்துக் கொடுத்தாள். இந்நேரம் மருந்தகத்து ஜன்னலில் பத்துக் கை நீண்டிருக்கும். "அக்கா, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" இங்கே அவர் வேலைக்குப் போனபின் அவளை யார் என்ன கேட்பார்கள்?

பன்னிரண்டேகாலுக்கு அவர் வந்து சேர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னை ஏத்தி விட்டுட்டு நீங்க ஏன் ஏறல?"

"காலியா மேல அனுப்பிட்டு, கதவுல காதை வச்சுச் சத்தம் கேப்பேன். தினம் அதானே வேலை. கை தானா செஞ்சிடுச்சு."

"உள்ள நான் இருந்தேனே."

"மறந்தே போச்சு."

"சத்தம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், பொய் சொல்லத் தெரியாதவர்.

மாலை வரை அவர் பதிலைக் கேட்கவே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் அவளே பேச்சை எடுத்தாள்.

"லீவு முடிஞ்சதும் போயிடறேங்க."

"ம்."

"கோவமா?"

"இல்லம்மா." பேருந்து வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தார். "நேத்து நான் தூங்கவே இல்ல. ரூம்ல இன்னொரு மூச்சு கேட்டுட்டே இருந்துச்சு. பழகிடும்னு நெனச்சேன்."

"பழகியிருக்கும்."

"பழகியிருக்கும்" என்றார் அவரும்.

அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்தோடு கூடவே, சுமையை இறக்கி வைத்தவனின் தெளிவும் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டாள் என்று அவருக்கும் தெரிந்தது.

பேருந்தில் நல்ல கூட்டம். முன்னால் ஒரு இடம், கடைசி வரிசையில் ஒரு இடம். முன்னால் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர் பின்னால் போனார். எங்கே இறங்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பிப் பார்த்தாள். இன்னும் வரவில்லை என்று அவர் தலையை அசைத்தார்.