குன்றில் ஏழு பேர்

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பதினோராம் வகுப்புக்குப் பாடம் ஏறாது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அதனால் ஜெபசெல்வி டீச்சர் வரலாற்றுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வகுப்பையே போர்க்களமாக்கினாள். ஜன்னலோர பெஞ்சுகள்தான் குன்று. அதைக் காக்க ஏழு பேர், அவர்களுக்குத் தளபதி வெண்ணிலா. டீச்சரின் மேஜை எதிரியின் கோட்டை. குன்றுக் கட்சியிலேயே இன்னும் பத்துப் பேரைச் சத்தமில்லாமல் வராந்தாவுக்கு அனுப்பிவைத்தாள். மற்ற எல்லோரும் எதிரிப்படை. ஆயுதம் காகித உருண்டை.

எதிரிப்படை மொத்தமும் குன்றின்மேல் பாய்ந்தது. வெண்ணிலாவின் ஆட்கள் லேசில் விடவில்லை. உருண்டை தீர்ந்ததும் ரஃப் நோட்டைக் கிழித்து எறிந்தார்கள். கடைசியில் குன்று விழுந்தது. ஆனால் அதற்குள் வராந்தாப் படை பின்வாசல் வழியாக நுழைந்து மேஜையைப் பிடித்துவிட்டது.

"குன்று தோத்துச்சு, ஆனா போர்ல ஜெயிச்சது நாம. எதிரிய அங்கயே கட்டிப்போட்டதாலதான் கோட்டை கிடைச்சுது. சில சண்டைய தோக்கறதுக்குன்னே போடுவாங்க" என்றாள் ஜெபசெல்வி. நன்றாக நடத்திவிட்டோம் என்று அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வெண்ணிலா எழுந்தாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நாங்க தோப்போம்னு முன்னாடியே தெரியுமா மிஸ்?"

"தெரியும்மா."

"அப்போ ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இப்படி உயிரக் குடுத்து சண்டை போட்டிருப்பீங்களா?"

வகுப்பு சிரித்தது. வெண்ணிலா சிரிக்கவில்லை. ஜெபசெல்விக்குச் சுருக்கென்றது. தான் சொன்னது அப்படியே தன் புருஷன் பிரதாப்பின் பேச்சு.

பிரதாப் இறால் கம்பெனித் தொழிலாளர் சங்கத்தின் தலைவன். போன வருடம் கம்பெனி ஏழு பேரை வெளியே தள்ளியது. அதில் ஒருவன் வெண்ணிலாவின் அப்பா நாகப்பன். சங்கம் வழக்குப் போட்டது. அவர்கள் அங்கே வேலை பார்த்ததற்கு இருந்த ஒரே அத்தாட்சி, தினமும் ஆள் வந்துபோவதை எழுதும் கேட் நோட்டின் ஜெராக்ஸ். விசாரணை நாளில் பிரதாப் அதை வெளியே எடுக்கவேயில்லை. வழக்கு தோற்றது. அவனோடு பேசிவைத்திருந்தபடி அடுத்த மாதமே கம்பெனி நாற்பது பேருக்கு வேலையை நிரந்தரமாக்கியது. "முன்னாடியே சொன்னா அந்த ஏழு பேரும் கோர்ட்ல மனசோட நிப்பாங்களா, செல்வி?" என்று சாப்பிடும்போது கேட்டான். அவள் ரசம் ஊற்றினாள். நாற்பது வீட்டில் அடுப்பு எரிகிறதே என்று சமாதானம் செய்துகொண்டாள். அந்தச் சமாதானம் இன்று மதியம்வரை தாங்கியது.

பள்ளி விட்டதும் மகளைக் கூட்டிப்போக நாகப்பன் கேட்டில் நின்றிருந்தான். இப்போது காட்டூர்ப் பக்கம் வயலில் கூலி வேலை. முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. டீச்சரைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டான்.

"டீச்சரம்மா, மேல்கோர்ட்டுக்குப் போலாம்னு தலைவரு சொல்லினே கீறாரு. தொல்ல பண்ணக்கூடாதுன்னு நானும் கம்முனு கீறேன். எங்க ஏழு பேருக்கோசரம் அந்த மனுசன் எவ்ளோ அலஞ்சாரு!"

'மேல்கோர்ட்டுக்கு ஏற்பாடு நடக்குது, பொறுங்க' என்று சொல்லி அனுப்பிவிடலாம். பத்து மாதமாக ஜெபசெல்வி அதைத்தான் சொல்லிவந்தாள். அப்பாவின் பக்கத்தில் நின்ற வெண்ணிலா டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்கண்ணா. அவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நானும் கூட இருப்பேன்."

நாகப்பன் முகம் மலர்ந்தது. "நல்ல சேதியா?"

ஜெபசெல்வியால் தலையைக்கூட அசைக்க முடியவில்லை. அவன் அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டான்.

"வாணாம், நீங்க சொல்லாதீங்க. தலைவரு வாயால கேட்டாத்தான் எங்களுக்குச் சந்தோசம். மத்த ஆறு பேரையும் இட்டாந்துடறேன்."

சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் போனைக் காதில் வைத்தபடி அவன் ஏரிக்கரை ரோட்டில் நடந்தான். "டேய் கருப்பா, சீக்கிரம் குளிச்சிட்டு நல்ல சட்டையா போட்னு வா!" என்ற சத்தம் கேட்வரை வந்தது. வெண்ணிலா நாலு எட்டு பின்னால் நடந்தாள். பிறகு நின்று, திரும்பி, டீச்சரைப் பார்த்தாள். அதற்குள் அவன் அடுத்த ஆளுக்குப் போன் போட்டிருந்தான்.