ஆட்சேபணை இல்லை

தம்பிக்குக் குடலிறக்க அறுவை. சின்ன விஷயம்தான். ஆனால் அவனுடைய அபூர்வமான தசை நோய்க்கு ஒரு வகை மயக்க வாயு ஆகவே ஆகாது. கொடுத்தால் உடம்பு கொதித்து ஆளையே கொண்டுபோய்விடும். அவன் நோயின் பெயரைத் தட்டினால் கணினித் திரையில் சிவப்பாக எச்சரிக்கை வர வேண்டும். வரவில்லை. மயக்க மருத்துவர் அந்த வாயுவின் குமிழில் கை வைத்தபோது, அடம்பிடித்து உள்ளே வந்து நின்றிருந்த அக்காதான் தடுத்தாள். அவளும் மருத்துவர்தான், ஆய்வகத்தில்.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலையே மேடம்," என்றார் அவர், பாவம்.

அவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கணினிக்குச் சொல்லிக் கொடுத்தது அவளுடைய குழு. ஒரே நோயை ஆளுக்கொரு பெயரில் எழுதினால் கணினிக்கு விளங்காது என்று, பல மருத்துவமனைக்காரர்கள் கூடி 'நோய் மரம்' ஒன்று வளர்த்தார்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பெயர், ஒரு கிளை, அதற்கான எச்சரிக்கைகள். அந்த ஆட்களைச் சேர்க்க அவள் ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை. நெல்லிக்காய் மூட்டையைக் கட்டுவது போன்ற வேலை அது. கடிதம் போட்டால் யாரும் பதில் எழுதமாட்டார்கள். அதனால் ஒரு விதி வைத்தார்கள்: எந்த மாற்றத்தையும் எல்லாருக்கும் அனுப்ப வேண்டியது, இரண்டு வாரத்தில் ஆட்சேபணை வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அன்று எல்லாரும் கைதட்டினார்கள். அவளும்தான்.

தம்பிக்காக அவள் அலைந்துகொண்டிருந்த அந்த இரண்டு வாரத்தில் அவன் நோயைப் பெரிய தசை நோய் ஒன்றோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் போயிற்று. பெயரோடு எச்சரிக்கையும் போயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதை. தம்பியின் மருத்துவமனையில் புதிய பதிப்பு சோதனைக்குத்தான் ஓடியது. மற்ற எல்லா இடங்களுக்கும் இன்று மாலை போகிறது.

தம்பி கண் விழித்ததைப் பார்த்துவிட்டு நேராக நோய் மரக் குழுவின் கூட்டத்துக்கு வந்தாள். அறையில் தலைவரும் மென்பொருள்காரரும் மட்டும். மற்றவர்கள் சுவர்த்திரையில், சின்னச் சின்னக் கட்டங்களில்.

"அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம் டாக்டர்," என்றார் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் நோகடிக்காமலே தலைவரானவர். "முறைப்படி எல்லாருக்கும் அனுப்பினோம். யாரும் மறுக்கல. ஒருத்தர் கோபப்பட்டார்னு மாத்தினா, நாளைக்கு ஆளாளுக்கு மாத்தச் சொல்வாங்க. கஷ்டப்பட்டுச் சேர்த்த கூட்டம் இது."

"சேர்த்தது யாரு சார்?"

தலைவர் தண்ணீர் குடித்தார்.

ஒற்றுமையாம். ஒருவரும் வாயைத் திறக்காமல் ஒரு ஆளைச் சாகடிக்கப் பார்த்த ஒற்றுமை. திரையின் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அனுப்பினதை உங்கள்ல யாரு படிச்சீங்க?"

ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். இன்னொருவரின் கட்டத்திலிருந்து முகம் காணாமல் போனது.

"சார், நீங்க?"

"என்னம்மா, தினம் எத்தனை வருது..."

"சரி." மென்பொருள்காரரின் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். அவர் தடுக்கவில்லை. "தம்பி நோயைத் தனியா பிரிச்சு, எச்சரிக்கையைத் திரும்பப் போடப் போறேன். ஆட்சேபணை இருக்கறவங்க சொல்லுங்க."

"டாக்டர், இரண்டு வாரம்..." என்று தொடங்கிய தலைவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

திரையில் ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஒரு சின்ன மைக், குறுக்கே கோடு போட்டது; எல்லாருடைய குரலும் அணைந்திருந்தது. அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து அந்தக் கோடுகளைப் பார்த்தாள். ஒன்றாவது அழியட்டும், தன்னை மறுப்பதற்காகவாவது யாராவது ஒருவர் வாயைத் திறக்கட்டும் என்று.