ஏழாம் விதிக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

1997ஆம் வருடம் சிங்காநல்லூரில் ஒரு விழா. மேடையில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்குரியவன் எழுவதற்கு முன்பே ஏழாவது வரிசையில் வேறொருவர் எழுந்து நின்றார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்துகொண்டார். எழுந்தவர் வேலன். மேடையில் கூப்பிட்ட பெயர் தனபால். தனபால் நான்தான்.

இரண்டு வருடமாக இதை எழுதப் பார்க்கிறேன். நான் எழுத்தாளன் இல்லை. மில் ஆண்டுமலரில் இரண்டு கதைகள் எழுதியதோடு சரி. மற்றபடி, கொங்கு பூப்பந்தாட்டக் கழகச் செயலாளராக நான் எழுதியதெல்லாம் கூட்டக் குறிப்புகள்தான். 'தீர்மானிக்கப்பட்டது', 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதியே பழகிய கை. செய்தது யார் என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்ள அதைவிட வசதியான எழுத்து கிடையாது.

2

முதல் பிரதி இப்படித் தொடங்கியது:

'பாலுசாமி நேர்மையானவர். சந்தர்ப்ப சூழ்நிலையால் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவர்…'

இதை என் மனைவி பூவாத்தாளிடம் படிக்கக் கொடுத்தேன். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நாலு பக்கம் படித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, யாருங்க இந்தப் பாலுசாமி?"

"கதையில வர்ற ஒரு ஆளு."

"நம்மூட்டு பீரோவுல இருக்கற சர்ட்டிபிகேட்டுக அவரு பீரோவுக்கு எப்படிங்க போச்சு?"

காகிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

"நேர்மையானவருன்னு வேற எழுதியிருக்கறீங்க. அதையாச்சும் அடிச்சுப்போடுங்க."

அடித்துவிட்டேன். பாலுசாமியும் போய்விட்டார். இனி வருவது முழுக்க நான்தான்.

3

பூப்பந்தைத் தெரியாதவர்களுக்கு: இது இறகுப்பந்து இல்லை. கம்பளி நூல் சுற்றிய மஞ்சள் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், திறந்த மைதானம். எங்கள் ஊர்க் காற்றும் ஆறாவது ஆளாகச் சேர்ந்து ஆடும்.

1973இல் நான் ஒரு மில்லில் வேலை பார்த்தேன். [மில்லின் பெயரை எழுதப்போவதில்லை. அது மூடிப் பல வருடமாகிவிட்டது, சொன்னால் கோபித்துக்கொள்ளக்கூட ஆளில்லை. இருந்தாலும் வேண்டாம்.] ஆட்டக்காரன் என்ற பேரில் நிரந்தர வேலை வாங்கியவன் நான். ஆட்டம் சுமார்தான். எங்கள் தோட்டத்துக்கும் மானேஜர் தோட்டத்துக்கும் ஒரே வாய்க்கால்; அதனால் கிடைத்த வேலை.

வேலன் அதே மில்லில் பதிலித் தொழிலாளி. யாராவது வராத நாளில் கேட்டில் கூப்பிட்டால்தான் அவருக்கு வேலை. அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களில் கூலிக்கு இருந்தவர்கள். வேலனைப் போல ஆடியவர் இந்தப் பக்கத்தில் அன்றைக்கு இல்லை, இதுவரைக்கும் இல்லை என்றே சொல்வேன்.*

மில்களுக்கு இடையிலான போட்டியில் நிரந்தரத் தொழிலாளிகள் மட்டுமே ஆடலாம் என்பது விதி. மானேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டியலில் என் பெயர் இருக்கும். மைதானத்தில் வேலன் இறங்குவார். கோப்பை வந்தால் வேலனை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். கோப்பை மூன்று முறை வந்தது.

சூலூரில் நடந்த முதல் இறுதிப்போட்டியை மட்டும் சொல்கிறேன். ஆடி மாதம். பந்து நினைத்த பக்கம் போகவில்லை. ஒவ்வொரு சர்வீசுக்கு முன்பும் வேலன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சிட்டிகை கழிவுப் பஞ்சை எடுத்துக் காற்றில் விடுவார். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். பிறகுதான் அடிப்பார். எதிரணி நகரக்கூட இல்லை. சுற்றி நின்ற கூட்டம், "தனபாலு! தனபாலு!" என்று கத்தியது. நான் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் என் பெயரைக் கத்தியது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல நாக்கூசுகிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

குழுப்படம் எடுக்கும்போது வேலன் பனியனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கோப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலன் படக்காரருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன்.

(* கதை முழுக்க வேலனை 'அவர்' என்று எழுதுகிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்தான். நேரில் ஒரு நாளும் நான் அவரை வா, போ என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. எழுத்தில் கொடுக்கும் மரியாதைக்குச் செலவில்லை.)

4

இனி விதிகள். படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் என் குற்றம் இங்கேதான் இருக்கிறது.

1992இல் எங்கள் கழகத் தலைவர் சென்னகேசவன், மகனைப் பார்க்க அமெரிக்கா போய்வந்தார். அங்கே பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு மண்டபம் கட்டி, ஓட்டுப் போட்டு ஆள் எடுத்துப் படம் மாட்டியிருந்ததைப் பார்த்தாராம். நமக்கும் ஒன்று வேண்டும் என்றார். கழகக் கூடத்தில் ஒரு சுவரை ஒதுக்கி 'புகழ் மாடம்' என்று பெயர் வைத்தோம். பழைய ஆட்டக்காரர்களும் அம்பயர்களுமாக முப்பது வாக்காளர்கள். ரகசிய ஓட்டு. இருபத்துமூன்று வாங்கினால் படம் சுவருக்குப் போகும். பெயர் ஐந்து வருடம் பட்டியலில் இருக்கும். அதற்குள் தேறாவிட்டால் அப்புறம் எப்போதும் இல்லை.

1995இல், சூலூர் இறுதிப்போட்டிக்கு அம்பயராக நின்ற கலீல் ரஹ்மான் வேலனை முன்மொழிந்தார். பெயர் மாறி ஆடியது அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அவ்வளவுதான். ரகசிய ஓட்டு என்றதும் பேசிவிட்டார்கள். வேலனுக்கு இருபத்தோரு ஓட்டு.

[ஒரு ஓட்டில் தோற்றார், அந்த ஒன்று என்னுடையது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன். உண்மையில் இரண்டு ஓட்டுக் குறைவு. நான் வெற்றுச் சீட்டை மடித்துப் போட்டேன். நான் போட்டிருந்தாலும் தோற்றிருப்பார் என்று பல மாதம் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.]

அடுத்த வருடம் அவர் ஜெயித்துவிடுவார் என்பது தெளிவாகிவிட்டது. வேலன் சுவரில் ஏறினால் எந்தப் போட்டி, எந்த வருடம் என்று கீழே எழுத வேண்டும். எழுதினால், அந்தப் போட்டிகளில் என் பெயருக்கு வந்த சிறந்த ஆட்டக்காரர் சான்றிதழ்கள் யாருடையவை என்று கேட்பார்கள். தலைவருக்கு வேறு கவலை: யாரோ தன் மாமனாரை, மட்டையே பிடிக்காதவரை, முன்மொழிந்திருந்தார். "ஏனுங்க தனபாலு, ஆதாரம் கேக்கற மாதிரி ஒரு விதி போட்டுருங்க" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

1996 மே மாதக் கூட்டக் குறிப்பில், 'ஏழாம் விதி திருத்தப்பட்டது' என்று இருக்கும். நான் திருத்தினேன். பெயருள்ள சான்றிதழோ செய்தித்தாள் நறுக்கோ இல்லாதவர் வாக்கெடுப்புக்கு வர முடியாது. ஒரு ஜன்னலாவது வைக்கச் சொன்னார் தலைவர். வைத்தேன்: அதே அணியில் இருந்த ஒருவர் கையொப்பமிட்டு உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் போதும்.

கூட்டத்தில் கலீல் ரஹ்மான் எழுந்தார். "அம்பயர் எழுதிக் குடுத்தா செல்லாதுங்களா?"

"அணியில இருந்தவங்க மட்டும்தானுங்க, பாய்."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைய அணியில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் பக்கவாதத்தில் கிடக்கிறார். ஒருவர் எங்கே போனார் என்றே தெரியாது. நான் எண்ணிப் பார்த்துத்தான் அந்த வரியை எழுதினேன். அந்த ஜன்னலைத் திறக்க என்னால் மட்டும்தான் முடியும்.

5

திருத்தம் வந்த மறுமாதம் வேலன் வீட்டுக்கு வந்தார். மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார் அப்போது. காதோரம் சிமெண்ட் வெள்ளை இருந்தது. நரையாகவும் இருக்கலாம்.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா?"

"வா வேலா."

முன்னறையில் நாற்காலி இருந்தது. உட்காரச் சொன்னேனா என்பது நினைவில்லை. நினைவில்லை என்றால் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

"அந்த ஏழாவது விதியில, கூட இருந்தவங்க ஒருத்தரு எழுதிக் குடுத்தாப் போதும்னு போட்டிருக்குதாமுங்க. எம்பொண்ணு மதிவதனி படிச்சுச் சொல்லுச்சுங்க."

"ஆமா, போட்டிருக்குது."

"நீங்க ஒருத்தரு எழுதினாப் போதுமுங்க. உங்க பேர்ல ஆடுனேன்னு எழுத வேண்டாமுங்க. நானும் டீம்ல இருந்தேன்னு மட்டும் எழுதுங்க. அது பொய்யில்லீங்களே?"

என்னைக் காப்பாற்றும் வாசகத்தையும் அவரே யோசித்துக் கொண்டுவந்திருந்தார்.

"பாக்கலாம் வேலா."

"அவசரமில்லீங்க. நேரம் கெடைக்கறப்ப எழுதுங்க. நான் வாரனுங்க."

கேட்டருகில் நின்று திரும்பிப் பார்த்தார். இன்னும் ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்து நான்…

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டேன் என்பதுதான் மீதி.]

6

திருத்திய விதியில் இன்னொரு பிரிவும் இருந்தது. அது தலைவரின் யோசனை: மூன்று இறுதிப்போட்டிகளில் சிறந்த ஆட்டக்காரர் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு வாக்கெடுப்பே தேவையில்லை, நேராகச் சுவர்தான். அதை எழுதும்போது என் பீரோவை நான் நினைக்கவில்லை. நீங்கள் நம்ப வேண்டாம். நானே முழுசாக நம்புவதில்லை. 1997இல் அந்தத் தகுதியோடு கொங்கு நாட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். 'தனபால் ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டார்.'

விழாவுக்கு வேலனை யார் அழைத்தார்கள் என்று தெரியவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளோடு வந்திருந்தார். ஒலிபெருக்கியில், "சூலூர் மைதானத்தைக் கலக்கிய நம்ம தனபால்!" என்றார்கள். வேலன் எழுந்தார்.

பழக்கதோஷமா? மூன்று வருடம் அந்தப் பெயரைக் கேட்டதும் மைதானத்தில் இறங்கியவர், கால் தானாக எழுந்திருக்கலாம். அல்லது வேண்டுமென்றே எழுந்தாரா, நான் பார்க்க வேண்டும் என்று? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். பழக்கம் என்று எழுதினால் அழுகை வருகிறது. வேண்டுமென்றே என்று எழுதினால் பயம் வருகிறது.

மதிவதனி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் மேடைக்குப் போய் மாலையை வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் முதலில் கைதட்டியது வேலன்தான். அந்தக் கைதட்டலைக் கேட்டபோது செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் இறங்கி வந்து விருந்தில் இரண்டு ஜிலேபி சாப்பிட்டேன்.

7

முடிவுகள்.

ஒன்று: மேடையிலேயே உண்மையைச் சொல்லி, மாலையைக் கழற்றி வேலன் கழுத்தில் போடுகிறேன். எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். [அடித்துவிட்டேன். நடக்கவில்லை.]

இரண்டு: வேலனைச் சாகடித்துவிடலாம். கதை நன்றாக முடியும், உங்களுக்கும் கண் கலங்கும், எனக்கும் கடிதம் எழுதும் வேலை இருக்காது. ஆனால் வேலன் நன்றாக இருக்கிறார். மூட்டை ஏற்றுவதை விட்டுவிட்டு மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் உக்கடம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். "எழுதீட்டீங்களா?" என்று கேட்கவில்லை. "சொகமுங்களா?" என்றுதான் கேட்டார்.

மூன்று: கடிதம்.

'1973 முதல் 1975 வரை மூன்று இறுதிப்போட்டிகளில் தனபால் என்ற பெயரில் ஆடியவர் வேலன். தனபாலாகிய நான் ஆடவில்லை. இதற்கு நானே சாட்சி.'

நாலு வரிகூட வரவில்லை பாருங்கள். மூன்று வருடமாக எழுதாதது.

கையொப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். பூவாத்தாள் கவர் வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறாள். "கதைய அப்புறம் எழுதிக்கலாமுங்க, மொதல்ல இதைப் போஸ்ட் பண்ணுங்க" என்று நேற்றும் சொன்னாள். பட்டியலில் வேலனுக்கு இது ஐந்தாவது வருடம். 1999 மே 31க்குள் கடிதம் கழகத்துக்கு வரவில்லை என்றால் அவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஏழாம் விதியின் கடைசி வரி: 'ஆண்டுமலர்க் கட்டுரை, கவிதை, கதை முதலியவை ஆதாரமாக ஏற்கப்படமாட்டா.' அதையும் எழுதியவன் நான்தான். ஆகவே இந்தக் கதையை யார் எங்கே காட்டினாலும் செல்லாது. எல்லாவற்றையும் கதையாகச் சொல்ல எனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

முடிவை நான் எழுதவில்லை. நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். கழகக் கூடம் சிங்காநல்லூரில் மைதானத்தை ஒட்டி இருக்கிறது. பூட்டியிருந்தால் வாட்ச்மேனிடம் கேளுங்கள், திறந்துவிடுவார். இடது சுவரில் பதினோராவது படம். நனைந்த பனியனோடு கோப்பைக்குப் பக்கத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டிருப்பான். அவன் இன்னும் அங்கே இருந்தால், கதையை மட்டும் எழுதிவிட்டு நான் நிறுத்திக்கொண்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.