இன்னார் சம்சாரம்

முப்பத்தேழாம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் மேலகரம் மிராசுதார் இசக்கியப்பன் ஜெயிப்பதும் தோற்பதும் நூற்றுப்பன்னிரண்டு பெண்கள் கையில் இருந்தது. இது அவருடைய ஏஜெண்டு தளவாய் ஒரு மாதம் தூக்கம் கெட்டுக் கண்டுபிடித்தது. ஆண்கள் ஓட்டு இவருக்குப் பாதி, எதிர்த்து நிற்கும் தென்காசி வக்கீலுக்குப் பாதி. வக்கீல் பக்கத்துப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். சொந்தப் பெயரிலேயே பட்டியலில் ஏறியிருந்தார்கள். மிராசுதார் பக்கத்துப் பெண்களுக்கு, புருஷன் நிலத்துக்குத் தீர்வை கட்டுகிற தகுதியில்தான் ஓட்டு.

பட்டியல் எழுத வந்த குமாஸ்தாவிடம் மிராசுதார் மீசையைத் தடவிக்கொண்டே சொல்லியிருந்தார்: "நம்ம வீட்டுப் பொம்பளைக பேரை அச்சடிச்சுச் சந்தியில தொங்க விடுவீரோ? இன்னார் சம்சாரம்னு எழுதும் வே." குமாஸ்தா அப்படியே எழுதினார். ஊர் மெச்சியது. பெண்களை யாரும் கேட்கவில்லை.

தேர்தலன்று காலையில் மிராசுதார் பக்கத்துப் பெண்களில் முதல் ஆளாகப் பாலம்மாள் ஓட்டுச் சாவடிக்குள் போனாள்.

"புருஷன் பேரைச் சொல்லும்மா" என்றார் அதிகாரி.

பாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "திருச்செந்தூர்ல மணலாக் கெடக்கும்லா, அது."

"செந்தூரான்னு யாரும் இல்லையே."

"கோயிலு இல்ல சாமி. அலை வந்து மோதுமே, அங்கன."

சாவடி வாசலில் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்ற அவள் புருஷன் கடற்கரைக்கு வியர்த்தது.

"விடுகதைக்குச் சீட்டுக் கொடுக்க விதியில்லை. உங்க வாயாலயே பேரைச் சொல்லணும்."

பாலம்மாள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். பின்னால் போனவர்களும் ஒவ்வொருத்தியாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பதினொரு மணிக்கு மரத்து நிழல் போதவில்லை. வக்கீல் பக்கத்துப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கி, வக்கீலின் மஞ்சள் பெட்டியில் ஓட்டையும் போட்டுவிட்டுக் குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

மிராசுதாரின் ஜரிகைத் தலைப்பாகை வியர்வையில் நனைந்து கனத்தது. தளவாய் அவர் காதருகே குனிந்தான். "அண்ணாச்சி, மதினி முதல்ல ஒங்க பேரைச் சொல்லிட்டாகன்னா மத்தவளுகளும் சொல்லிருவாளுக."

மிராசுதார் தம் மனைவி ரெங்கம்மாளிடம் போனார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "புருஷன் பேரைச் சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்லா."

"எம்புட்டுக் குறையும்?"

"அதை எங்க ஆத்தா சொல்லலையே."

மிராசுதார் வெயிலைப் பார்த்தார். வக்கீல் பக்கத்துப் பெண்களைப் பார்த்தார். "குறைஞ்சாக் குறையட்டும். சொல்லுட்டி."

"அம்புட்டு ஆசையா ஒங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு ரெங்கம்மாள் உள்ளே போனாள்.

"இசக்கியப்பன்" என்று அவள் முணுமுணுத்தது கேட்டது.

"காதுல விழல."

"இசக்கியப்பன்."

இந்தத் தடவை வண்டிமாடு கூடத் திரும்பிப் பார்த்தது. மிராசுதார் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தளவாய் கையைத் தட்டினான். "பார்த்தியளா? மதினியே சொல்லிட்டாக. எந்திரிங்க, எந்திரிங்க."

பாலம்மாள் எழுந்தாள். கடற்கரை கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து அவள் கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, சட்டசபைக்குப் போகப் போறது நீங்க. ஆயுசு மட்டும் எங்களுதா?"

கயிற்றுக்கு வெளியே நின்ற மற்றப் புருஷன்மாரும் அதற்குத் தலையாட்டினார்கள். யாரும் சண்டை போடவில்லை. மிராசுதாரை மரியாதையாகக் கும்பிட்டுவிட்டே வண்டிகளைப் பூட்டினார்கள். ஓட்டுப் போட அவர் அமர்த்திக் கொடுத்த வண்டிகள்தான். நூற்றுப்பதினோரு பெண்களும் அவற்றில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

கடைசி வண்டியில் மிராசுதாரும் ரெங்கம்மாளும் ஏறினார்கள். இலஞ்சி தாண்டியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீயாவது நம்ம பச்சைப் பெட்டியில போட்டியாட்டி?"

"எந்தப் பெட்டியில போட்டனோ, கண்ணுல தண்ணி முட்டி நிறமே தெரியல." ரெங்கம்மாள் கண்ணைத் துடைத்தாள். "அந்த ஆபீசர் பாவி ரெண்டு தடவைல்லா சொல்ல வச்சுட்டான்."

மிராசுதார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு தடவை சொன்னா ரெட்டிப்பாக் குறையுமோ?"