பத்துக்கு எட்டு

மேஸ்திரியின் டேப்பில் முதல் ஒரு அடியைக் காணோம். அதைக் கண்டதும் முத்திரை சாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வீட்டின் பின்புறக் காலி இடத்தில், நைந்துபோன அந்தத் துணி டேப்பின் கிழிந்த முனையைச் சுவரோரம் ஓர் ஆணியால் தரையில் குத்தி நிறுத்திவிட்டு, மேஸ்திரி மறுமுனையைத் துணி துவைக்கும் கல்வரைக்கும் இழுத்தார். பதின்மூன்று என்று வாய்விட்டுப் படித்தார். கையிலிருந்த அட்டையில் பன்னிரண்டு என்று எழுதினார்.

“பதிமூணு காட்டுது. பன்னெண்டுன்னு எழுதுறீங்களே?”

“முதல் அடி இல்லீங்க சார். போன வருஷம் கலவை மெஷின்ல சிக்கிக் கிழிஞ்சுபோச்சு. அதைக் கழிச்சுட்டுத்தான் எழுதுவேன்.”

“எப்பவும் மறக்காம கழிச்சிடுவீங்களா?”

“இதுவரைக்கும் எந்த வீடும் ஒரு அடி குறைஞ்சு போகலைங்க” என்று மேஸ்திரி சிரித்தார். இப்படிச் சிரிக்கிறவர்களை முத்திரை சார் நம்புவதே கிடையாது.

முத்திரை என்பது அவர் பெயர் அல்ல. முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி இறங்கி எடைக்கற்களைச் சோதித்து, சரியானவற்றுக்கு முத்திரை குத்தி, மற்றவற்றைப் பறிமுதல் செய்தவர். வியாபாரிகள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. அவருக்கும் தெரியும், உள்ளூர ஒரு பெருமைதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. சந்தேகத்துக்கு மட்டும் ஓய்வு வயது வரவில்லை. பால் பாக்கெட்டை வெட்டி அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரை எடை போடாமல் வாசற்படி தாண்ட விடமாட்டார். “பொண்ணு பார்க்க வந்தப்பவே என்னை எடை போட்டுட்டுத்தான் போனாரு” என்பாள் அவர் மனைவி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிவிட்டு, தானே முதலில் சிரிப்பாள்.

இப்போது விஷயம் ஓர் அறை. வீட்டில் இருப்பது ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மகள் தன் ஆறு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வந்த அன்று, “கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்பா” என்றாள். கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடமிருந்து முதல் மாதம் நாலு போன் வந்தது, அடுத்த மாதம் ஒன்று, பிறகு இல்லை. கண்ணாடிக் கடை ஒன்றில் பில் போடும் வேலையை அவளே தேடிக்கொண்டாள். ராத்திரி ஹாலில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் பாய் விரித்துப் பிள்ளையைப் படுக்கவைப்பாள். தாத்தா செய்தி பார்த்து முடிக்கும்வரை பிள்ளை முகத்தின்மேல் தலையணையைக் கவிழ்த்துக்கொண்டு கிடக்கும். அவளுடைய பெட்டி இன்னும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில்தான் இருந்தது. துணி வேண்டுமென்றால் குனிந்து, பெட்டியை இழுத்து, திறந்து, எடுத்து, மூடி, மறுபடி உள்ளே தள்ளுவாள்.

“அவளுக்குன்னு ஒரு கதவு வேணும்” என்று மனைவிதான் ஆரம்பித்தாள். அவரும் சரி என்றார். சரி என்று சொன்ன நாளிலிருந்து எஸ்டிமேட் வாங்குகிறார். மூன்று மாதமாக வாங்குகிறார்.

முதலில் வந்த கட்டட காண்டிராக்டர் நாலு லட்சத்துப் பத்தாயிரம் என்றார். முத்திரை சார் செங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்குப் போட்டு, நானூறு கல் கூடுதல் என்று கண்டுபிடித்தார். உடையுறதுக்குச் சேர்த்துப் போடறதுதான் சார் என்றதற்கு, உங்க ஆளுங்க கல்லை வச்சுக் கட்டுவாங்களா, போட்டு உடைப்பாங்களா என்று கேட்டார். அவர் அப்புறம் வரவில்லை. இரண்டாவதாக வந்த இஞ்சினியர் கம்ப்யூட்டரில் அடித்து, பைண்டு போட்டுக் கொடுத்தார். நாலு லட்சத்து எண்பத்தைந்து. அதில் ‘இதர செலவுகள்’ என்று ஒரு வரி, நாற்பதாயிரம். முத்திரை சார் சிவப்பு மையில் அந்த ‘இதர’வைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

அன்றைக்குத்தான் சமையலறையில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“கட்டுறதுன்னா கட்டுங்க. இல்லேன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. வர்றவனையெல்லாம் திருடன் மாதிரி விசாரிச்சா எவன் வந்து கட்டுவான்?”

“அஞ்சு லட்சத்தைக் கொட்டிக் கட்டிட்டு, நாலு மாசத்துல அவ புருஷனோட சமாதானமாகிக் கிளம்பிட்டா? அந்த ரூம்ல அப்புறம் என்ன பண்றது? கோழி வளர்க்கிறதா?”

“வாயை அளந்து பேசுங்க” என்றாள் மனைவி. மெதுவாகத்தான் சொன்னாள். ஹாலில் மகள் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளையின் குரல் நிற்காமல் கேட்டது. அதனால் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது என்று முத்திரை சார் முடிவு கட்டிக்கொண்டார்.

மூன்றாவதாக வந்தவர்தான் கிழிந்த டேப் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை வந்து அளந்தார். பன்னிரண்டுக்குப் பத்து, ஒட்டினாற்போல் ஒரு பாத்ரூம், மேலே கான்கிரீட், ரெண்டு ஜன்னல் என்று முத்திரை சார் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் தலை தெரிந்ததும், “சரிங்க, அப்படியே வச்சுக்கங்க” என்று சட்டென்று வைத்துவிட்டாள். முத்திரை சார் அன்றிரவு மனைவியின் காதில் ஓதினார்.

“பேச ஆரம்பிச்சுட்டாங்க போல இருக்கு.”

“யாரு?”

“மாப்பிள்ளைதான். வேற யாருகிட்ட ஒளிஞ்சு பேசப்போறா?”

அதைச் சொல்லும்போது தனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அவருக்கே பிடிபடவில்லை. பிள்ளை போய்விட்டால் வீடு வெறிச்சென்று இருக்கும் என்று தோன்றியது. அஞ்சு லட்சம் மிச்சம் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே மூச்சில் தோன்றியதில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் நடைப்பயிற்சி போயிருந்தபோது மேஸ்திரி வந்து காகிதத்தைக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் நாலு முளை அடித்து நூலும் கட்டிவிட்டுப் போயிருந்தார். காகிதத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்றிருந்தது. முத்திரை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். பத்துக்கு எட்டு. மேலே தகடு. ஜன்னல் இல்லை. பாத்ரூம் இல்லை. தரை வெறும் சிமென்ட் பூச்சு. நாலே நாளில் மறக்கிற மனுஷனா இவன்? வேகமாகப் பின்பக்கம் போய், சர்வீஸில் இருந்த காலத்து எஃகு டேப்பை எடுத்து நூலை அளந்தார். முடி அளவு பிசகில்லாமல் பத்துக்கு எட்டு.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பார்த்தியா? கிழிஞ்ச அடியை ஒரு தடவை இல்ல, ரெண்டு மூணு தடவை கழிச்சிருக்கான்” என்று மனைவியிடம் காகிதத்தை ஆட்டினார். “இது பழைய வித்தை. முதல்ல எல்லாத்தையும் வெட்டி, அடிமாட்டு விலைக்கு ஒரு கணக்கைக் காட்டுவான். நாம மயங்கி அட்வான்ஸ் கொடுத்துடுவோம். சுவர் பாதி எழும்பினதும், ஜன்னலுக்குத் தனி, தரைக்குத் தனி, ரெண்டு அடி கூட்டறதுக்குத் தனின்னு கறப்பான். நாளைக்கு இருக்கு அவனுக்கு.”

“ராத்திரி தூங்குவீங்களா இல்ல இப்பவே கிளம்புறீங்களா?” என்றாள் மனைவி. மகள் மேஜைக்கு அடியில் குனிந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரி இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடைக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தார். முத்திரை சார் சைக்கிளை நிறுத்திப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, நேராகச் சாரத்துக்கு அடியில் போய் நின்றார். முன்பெல்லாம் கடைக்குள் நுழையும்போது வருகிற அதே நிமிர்வு முதுகில் வந்திருந்தது.

“மேஸ்திரி, கீழே இறங்குங்க. நான் சொன்னது பன்னெண்டுக்குப் பத்து. நீங்க நூல் கட்டியிருக்கிறது பத்துக்கு எட்டு. எந்த ஊர்க் கணக்கு இது?”

மேஸ்திரி கரணையை வைத்துவிட்டு இறங்கினார். கைகளை வேட்டியில் துடைத்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“சார், எங்கிட்ட கோவிச்சுக்காதீங்க. சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க.”

“யாரு சொல்லியிருக்காங்க?”

“உங்க பொண்ணு. செவ்வாய்க்கிழமை போன் பண்ணாங்க. ரூமைச் சின்னதாக்குங்க, பாத்ரூம் வேணாம், ஜன்னலும் வேணாம்னாங்க. கான்கிரீட்டுக்குப் பதிலா தகடு போடுங்க, பின்னாடி வேணாம்னா கழட்டி எடுத்துக்கிற மாதிரி இருக்கட்டும்னாங்க. நீங்களே போட்ட கணக்குன்னு அப்பாகிட்ட சொல்லிடுங்கன்னாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். “நான் சொல்லிப் பார்த்தேன் சார். ஜன்னல் இல்லாம, தகடு போட்டு, இந்த அளவுல கட்டினா கோழிக்கூண்டு மாதிரி இருக்குமேம்மான்னேன். அவங்க சிரிச்சாங்க. அதுதான் வேணும், பிற்பாடு அப்பாவுக்கு உபயோகப்படும்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை.”

முத்திரை சாருக்குப் புரிந்தது. ஏழேழு நாற்பத்தொன்பது என்று பிள்ளை சொன்னதுவரை காதுக்குள் திரும்பக் கேட்டது. கன்னத்தில் யாரோ அறைந்ததுபோல் இருந்தது. அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. முப்பத்தோரு வருடத்தில் எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருப்பார்! பிடிபட்டவர்கள் ஏன் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையைப் பார்த்தார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மேஸ்திரி டீ சாப்பிடலாம் வாங்க என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

“என்ன, திருடனைப் பிடிச்சுட்டீங்களா?” என்றாள் மனைவி.

“பிடிச்சுட்டேன்.”

“என்ன சொல்றான்?”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மதியச் சாப்பாட்டைப் பேருக்குக் கொறித்தார். மேஜையின் கீழே காலை நீட்டியபோது பெட்டி இடித்தது. காலை இழுத்துக்கொண்டார். பதினான்கு மாதமாக அந்தப் பெட்டியை அவர் காலால் உதைத்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறார். அது ஏன் அங்கேயே கிடக்கிறது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. அதைப் பரணில் தூக்கி வைத்து, அவள் துணிகளுக்குத் தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்திருக்கலாம். அதற்கு எஸ்டிமேட் தேவையில்லை.

மகள் வேலையிலிருந்து வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் பிள்ளையோடு பின்பக்கம் வந்தவள் அப்படியே நின்றாள். அப்பா மடித்துக் கட்டிய வேட்டியோடு, ஒரு முளையைக் கல்லால் தட்டித் தரையில் இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு முளைகள் ஏற்கெனவே இடம் மாறியிருந்தன. நூல் தளர்ந்து கிடந்தது.

“என்னப்பா பண்றீங்க?”

“மேஸ்திரி டேப்ல ஒரு அடி இல்லைம்மா. தப்பா அளந்துட்டாரு.” நிமிராமலே சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு டேப்பின்மேல் பொய்ப்பழி போட்டார். “பன்னெண்டுக்குப் பத்துதான். நான் சரிபண்ணிட்டிருக்கேன்.”

அவள் தன்னைப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை மென்று முழுங்கிவிட்டு நூலை இழுத்துக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

“ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்?”

“ஜன்னல் எதுக்குப்பா. ஃபேன் போட்டுக்கலாம்.”

“எந்தப் பக்கம்னு கேட்டேன்.”

அவள் கையிலிருந்த துணிகளைக் கல்லின்மேல் வைத்தாள். நூலைத் தாண்டி, இன்னும் இல்லாத அறைக்குள் வந்தாள். அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மரம் தெரிகிற பக்கமாகப் போய் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி அளவு காட்டினாள். ஒரு முழம்கூட இருக்காது. பிள்ளை ஓடிவந்து அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் எக்கி நின்று மரத்தைப் பார்த்தது.

முத்திரை சார் எஃகு டேப்பை எடுத்து, அதன் முனையை மகளின் இடது உள்ளங்கையில் வைத்தார்.

“இன்னும் கொஞ்சம்” என்றார்.

அவள் கைகளைக் கொஞ்சம் விரித்தாள்.

“இன்னும்.”

கைகள் மெல்ல விலகின. டேப் கிறீச்சென்று நீண்டுகொண்டு போயிற்று. அவர் எண்ணைப் பார்க்கவில்லை.