வியாழக்கிழமைப் புகார்

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் இராமச்சந்திரன் பம்புசெட் கடை வைத்திருந்தது எழுபதுகளில். மோட்டார் விற்பது அவருடைய வேலை. விற்ற மோட்டாருக்காகத் திட்டு வாங்குவது சரோஜாவின் வேலை. கடை வாசலை ஒட்டி ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அவள். சுற்றுவட்டாரத்தில் யார் கிணற்றில் மோட்டார் நின்றாலும், அவர்கள் நேராக வந்து நிற்பது அவள் முன்னால்தான். கரண்ட் வராததற்கும் அவளைத்தான் கேட்பார்கள், மழை பெய்யாததற்கும் அவளைத்தான் கேட்பார்கள். அவளும் சிரித்த முகத்தோடு, "பாக்கச் சொல்றேண்ணா" என்பாள்.

சாப்பிட உட்காரும்போதுதான் சொல்லி வைத்தாற்போல் யாராவது வருவார்கள். பாதிச் சோற்றோடு எழுந்து எழுந்து அவளுக்கு வயிறு எரியத் தொடங்கியது. பதில் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போனது. ஒரு சாயங்காலம் பென்னலூரில் உள்ள வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தவளைக் கணவன் கண்ணப்பன் தட்டி எழுப்பினான். அவள் கண்ணைத் திறக்காமலே, "மெக்கானிக் நாளைக்கு வருவாருங்க" என்றாள். கண்ணப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு அழுகைதான் வந்தது.

திட்டுகிறவர்களில் பெரிய கை பிள்ளைப்பாக்கம் பாப்பம்மாள். தனியாளாக நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் மனுஷி. அவள் வாசலில் கால் வைத்தாலே இராமச்சந்திரன் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கிவிடுவார்.

"இன்னா மோட்டாரு வித்தீங்க? தண்ணி இழுக்கச் சொன்னா பெருமூச்சு வுட்டுகினு கீது!"

மெக்கானிக் போய்ப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றான். பாப்பம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: "நீயே போய் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு வாம்மா."

சரோஜா பாப்பம்மாளின் கிணற்றடிக்குப் போனபோது மோட்டார் குபுகுபுவென்று தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடாம இன்னா?" பாப்பம்மாள் கொஞ்சமும் கூசவில்லை. "ஒண்டியா கீறேன். உன்னாண்ட வந்து கொஞ்சம் கத்திட்டுப் போனா மனசு லேசாவுது."

"எனக்குக் கனமாவுதேக்கா!" என்றாள் சரோஜா. வாடிக்கையாளரிடம் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. உயர்ந்த குரலும் பாதியிலேயே உடைந்துபோனது.

பாப்பம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். மோட்டாரை நிறுத்தினாள். மிதப்பதற்காக ஒரு காய்ந்த சுரைக்குடுக்கையை எடுத்து வந்து சரோஜாவின் முதுகில் கட்டினாள். "வா, கெணத்துல எறங்கு. நீஞ்சக் கத்துத் தரேன்."

சரோஜா தண்ணீர் குடித்தாள், இருமினாள், அலறினாள். அலறல் கிணற்றுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அதைக் கேட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதைக் கண்ணப்பன் வாய் பிளந்து பார்த்தான்.

"அடுத்த வியாழக்கெழமையும் என் மோட்டாரு ரிப்பேரு ஆவும்" என்று பாப்பம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னபடியே ஆனது. வாராவாரம் கடைக்கு வந்து, "அந்தப் பொண்ணு வந்தாத்தான் ஆச்சு!" என்று கூரை அதிரக் கத்துவாள். சரோஜா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "வேற வழியில்ல சார், போயிட்டு வந்துடறேன்" என்பாள். ஒரு தடவை பாப்பம்மாள் உற்சாகம் மிஞ்சி மோட்டாரில் புகை வருவதாகச் சொல்லிவிட, புது மோட்டாரே தந்துவிடுகிறேன் என்று முதலாளி கிளம்பிவிட்டார். சரோஜா பாப்பம்மாளின் காலை மிதித்த மிதியில் புகை உடனே நின்றுபோனது.

சரோஜா குடுக்கை இல்லாமல் நீந்தத் தெரிந்துகொண்ட சமயம், இராமச்சந்திரனுக்குச் சந்தேகம் வந்தது. பின்னாலேயே வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். அவர் கடையில் வேலை பார்ப்பவள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள்.

"சரோஜா! என்னம்மா பண்றே?"

"இன்னா பண்ணுது?" பாப்பம்மாள் முந்திக்கொண்டாள். "அடியில குழாய் வாயில பாசி அடைச்சிகினு கீது. ஒம் மெக்கானிக்குக்குத் தண்ணின்னா ஒதறலு. இந்தப் பொண்ணுதான் முழுகிப் பாக்குது."

இனி முழுகாமல் தப்ப முடியாது. சரோஜா மூச்சை இழுத்துப் பிடித்தாள். அதுவரை அவள் அடி வரைக்கும் போனதில்லை. காது அடைத்தது, இருட்டு பயமுறுத்தியது. கை குழாயில் பட்டதும் பயம் போய்விட்டது. ஒரு பிடி பாசியோடு மேலே வந்தாள்.

இராமச்சந்திரன் பூரித்துப்போனார். "எந்தக் கம்பெனியில உண்டு இந்த வசதி! நாளையிலேருந்து ஒரகடம் வரைக்கும் நம்ம வாடிக்கையாளர் எல்லார் கெணத்துலயும் நீ எறங்கறே!"

சரோஜா படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையாட்டினால் இந்தக் கிணறும் கடையிலிருக்கும் மேசை மாதிரி ஆகிவிடும். உண்மையைச் சொன்னால் வேலை போகும்.

"முடியாது சார்" என்றாள். "இந்த மோட்டார்ல ஒரு கோளாறும் கெடையாது. நான் எனக்காக நீச்சல் கத்துக்கிட்டிருக்கேன். வாரம் பூரா எல்லாரும் பேசறதக் கேக்கறேன். இந்த ஒரு மத்தியானம் எனக்கு வேணும்."

பாப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். முதலாளி முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பாப்பம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "இந்தப் பொண்ண வேலைய வுட்டு நிறுத்திப் பாரு. நான் தெனமும் கடைக்கு வருவேன். காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி."

இராமச்சந்திரன் அதை ஒரு நிமிஷம் மனக்கண்ணில் பார்த்தார். "வியாழக்கெழமை மத்தியானம் உன் எடத்துல நானே உக்காந்துக்கறேன்" என்று முனகினார்.

உட்காரவும் செய்தார். முதல் வியாழக்கிழமையே, மோட்டார் வைண்டிங் எரிந்துபோன எல்லப்பன் என்பவர், முதலாளியே எதிரில் கிடைத்த சந்தோஷத்தில், மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். இராமச்சந்திரன் நேரத்தோடு கடையைச் சாத்திவிட்டுத் தலைவலித் தைலம் வாங்கப் போனார். வியாழக்கிழமைகளில் மேசையில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று தைலக்கடையிலேயே சொல்லியும் வைத்தார்.

அந்த நேரத்தில் பிள்ளைப்பாக்கத்தில் சரோஜா கிணற்று மேட்டின் விளிம்பில், பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கீழே தண்ணீரில் பாப்பம்மாளின் தலை மட்டும் தெரிந்தது.

"இன்னா பாத்துகினு கீற? குதி!"

சரோஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.